40 மில்லியை வைத்து முடிவெடுக்காதீர்கள்

குழந்தைக்குப் பதினான்கு வாரம் ஆகிறது, இன்னும் மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும், வீட்டை விட்டுக் கிளம்பினால் வந்து சேர 10 மணி நேரம் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தாநாள் முதல் தடவையாக பம்ப் வைத்துத் தாய்ப்பால் எடுத்துப் பார்த்தீர்கள்; இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிதான் வந்தது. பாட்டிலை வாயருகே கொண்டுபோனாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள். இப்போதே பவுடர் பாலுக்கு மாற்றிவிடலாமா, இல்லை வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். வேலை, பால் இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. விட வேண்டியதில்லை. அந்த 40 மில்லியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். உங்களுக்கு எவ்வளவு பால் ஊறுகிறது என்பதை அது காட்டவே இல்லை.

நான் மருத்துவர் இல்லை. செவிலியராக வேலை பார்த்து, தாய்ப்பால் ஆலோசனைக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்து, பதினாறு வருடமாகப் பிள்ளை பெற்ற பெண்களோடு இருக்கிறேன். என் இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்துக்கொண்டே வேலைக்குப் போனவள். உங்களையும் குழந்தையையும் நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடை சரியாக ஏறுகிறதா, வாய் சரியாகப் பற்றுகிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் அந்த 40 மில்லி. நீங்கள் குழந்தைக்குப் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து பம்ப் வைத்ததாகச் சொல்கிறீர்கள். அதாவது அவள் தன் பங்கைக் குடித்து முடித்த பிறகு மிச்சத்தை எடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் 15 மில்லி வருவதும் உண்டு, 60 மில்லி வருவதும் உண்டு, எல்லாமே சகஜம்தான். குழந்தை குடிக்க வேண்டிய வேளைக்குப் பதிலாக எடுத்திருந்தால் கதை வேறு, அப்போது பலருக்கும் 60 முதல் 120 மில்லி வரை வரும். இன்னொன்று, பம்பில் வருவதும் குழந்தை குடிப்பதும் ஒன்றல்ல. குழந்தையின் வாய்ச்சூடும், நாக்கின் அசைவும், அவள் வாசனையும் சேர்ந்து பாலை இறக்கும். ஒரு பிளாஸ்டிக் புனலுக்கு உடம்பு முதல் நாளே அப்படி இறங்கிக் கொடுத்துவிடாது. பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பால் போதுகிறதா என்று தெரிய வேண்டுமானால் பாட்டிலைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் நன்றாகச் சிறுநீர் போகிறாளா, குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்கிறதா, எடைக் கோடு மேலே போகிறதா? மூன்றும் சரி என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

பால் எப்படி ஊறுகிறது என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும். பிரசவமான முதல் சில நாட்கள் ஹார்மோன்கள்தான் ஆட்சி செய்யும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்பும் தனக்குத்தானே கணக்கு வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். பால் வெளியே போனால் உற்பத்தி வேகமாகும், நிறைந்து நின்றால் வேகம் குறையும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். நம்மில் பலர் 'ரொம்ப நேரம் விட்டு எடுத்தால் நிறைய வரும்' என்று நினைக்கிறோம். அன்றைக்கு வரலாம். ஆனால் தினமும் அப்படியே கனத்துப்போக விட்டால், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு எடுத்துக்கொள்ளும், இரண்டு மூன்று வாரத்தில் மொத்த அளவே இறங்கிவிடும். வேலைக்குத் திரும்பிய பிறகு பால் வற்றிவிட்டது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்திருப்பது இதுதான். அவர்களுக்குப் பால் இல்லாமல் இல்லை, எடுப்பதற்கான இடைவெளிதான் நீண்டுபோயிருக்கிறது.

ஒருவருக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு தடவையில் மார்பில் எவ்வளவு பால் தங்கும் என்பதைப் பொறுத்தது அது. வெளியே தெரியும் அளவை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. நிறையத் தங்குகிறவர் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தாலும் சமாளிப்பார். குறைவாகத் தங்குகிறவர் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் இருவரும் தரும் பால் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். அதனால் பக்கத்து மேஜைக்காரர் ஒரே தடவையில் 200 மில்லி எடுக்கிறார் என்பதைப் பார்த்து மனம் தளராதீர்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்க்காமல், 24 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கும். 500 மில்லியில் நன்றாக வளரும் குழந்தையும் உண்டு, 1000 மில்லி தாண்டும் குழந்தையும் உண்டு. முக்கியமான விஷயம், இந்த அளவு மாதம் ஏற ஏறப் பெரிதாக ஏறுவதில்லை. பவுடர் பால் டப்பாவில் வயதுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தாய்ப்பாலுக்கும் அதே கணக்கைப் போடுவதால்தான் பலருக்குப் பயம் வருகிறது. 800ஐ 24 மணி நேரத்துக்குப் பிரித்து, நீங்கள் இல்லாத 10 மணி நேரத்துக்கு எடுத்தால் 330 மில்லி சொச்சம். 300லிருந்து 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வேளையாக, வேளைக்கு 80 முதல் 100 மில்லி. நீங்கள் வேலையிடத்தில் எடுக்க வேண்டியதும் அவ்வளவுதான். இன்று எடுப்பது நாளைக்கு அவளுக்கு.

அப்படியானால் முதல் நாளுக்கு மட்டும்தான் முன்கூட்டியே சேர்க்க வேண்டும், கூடவே ஏதாவது சிந்திவிட்டால் என்று ஒரு நாளுக்கு உபரி. மொத்தம் 600, 700 மில்லி. ஃப்ரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கி எடுத்த படங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்களுக்கு அது தேவையே இல்லை. காலையில் பலருக்கும் பால் சற்று அதிகமாக இருக்கும். தினமும் காலை முதல் பால் கொடுத்து அரை மணி, ஒரு மணி கழித்து ஒரே ஒரு தடவை எடுங்கள். 40 மில்லி வந்தால் போதும். 15 நாளில் 600 மில்லி. உங்களை அழவைத்த அதே 40தான்.

பம்ப் இருந்தாலும் கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். கரண்ட் இல்லை, பம்பின் ரப்பர் மூடி வீட்டில் மறந்துபோனது, கூட்டம் இழுத்துக்கொண்டே போய் ஐந்து நிமிடம்தான் கிடைத்தது என்று ஏதாவது ஒரு நாள் வந்தே தீரும். அன்றைக்குக் கைதான் காப்பாற்றும். சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, சற்று முன்னால் குனிந்து உட்காருங்கள். உள்ளங்கையால் மார்பை மென்மையாகத் தடவிக் கொடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். காம்பைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அங்கே பால் இல்லை. முதலில் விரல்களை நேரே பின்னால், விலா எலும்புகளை நோக்கி அழுத்துங்கள். அப்படி அழுத்தியபடியே இரண்டு விரலையும் ஒன்றையொன்று நோக்கிக் கொண்டு வாருங்கள். விடுங்கள். மறுபடி அழுத்தி, சேர்த்து, விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றுமே வராது, அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் காம்பின் நுனியில் ஒரு சொட்டு நிற்கும், இன்னொன்று சேர்ந்து வழியும், திடீரென்று இரண்டு மூன்று இழைகளாகப் பீறிட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் அடிக்கும். பால் இறங்கிவிட்டது. வேகம் குறைந்ததும் விரல் வைக்கும் இடத்தைக் கொஞ்சம் சுற்றி மாற்றுங்கள், பிறகு அடுத்த பக்கம், மறுபடி இந்தப் பக்கம். ஒரு வாரம் தினமும் செய்தால் கை பழகிவிடும். வலித்தால் இடம் தவறு என்று அர்த்தம், பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள்.

பம்ப் வைக்கும்போதும் இந்தக் கையை விடாதீர்கள். பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் மென்மையாக அழுத்திக் கொடுத்து, முடிந்த பிறகு ஓரிரு நிமிடம் கையால் பீய்ச்சினால் பம்பை மட்டும் நம்பியதைவிட அதிகம் வரும். குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் செய்த ஆய்வில் இது நன்றாகவே தெரிந்தது. என் அனுபவத்திலும் நிறைமாதத் தாய்மார்களுக்கு இது பலன் தருகிறது. பம்பின் புனல் அளவையும் பாருங்கள். பெட்டியில் வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர், எல்லோருக்கும் அது பொருந்தாது. காம்பு புனல் சுவரில் உரசித் தேய்ந்தாலும், காம்பைச் சுற்றியுள்ள கறுத்த பகுதி நிறைய உள்ளே இழுபட்டாலும் அளவு சரியில்லை. உறிஞ்சும் வேகத்தை உச்சத்தில் வைத்தால் அதிகம் வரும் என்பதும் தவறு. வலி வந்தால் பால் இறங்காது, அவ்வளவுதான். உங்களுக்கு இதமாக இருக்கும் அளவில் எது அதிகமோ அதுவே போதும்.

என் முதல் குழந்தையின்போது நான் வேலை பார்த்த இடத்தில் எனக்குக் கிடைத்தது பொருட்கள் வைக்கும் அறையில் ஒரு ஸ்டூல். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துணியை இழுத்து மூடிக்கொண்டு எடுப்பேன். அரை மணி நேரத்தில் 20 மில்லி வரும். ஒரு நாள் கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் நாற்காலியைத் தூக்கிவந்து கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்து, 'நீ எடு, நான் பார்த்துக்கிறேன்' என்றார். அன்றைக்கு 90 மில்லி வந்தது. என் உடம்பில் அதற்கு முந்தைய நாளுக்கும் அன்றைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் பதற்றத்தில் தடைபடும்; பால் உள்ளேயே இருக்கும், இறங்காது. அதனால் தாழ்ப்பாள் உள்ள கதவு உங்களுக்கு வசதிக்காகக் கேட்கும் பொருள் என்று நினைக்காதீர்கள், பம்ப் எவ்வளவு முக்கியமோ அதுவும் அவ்வளவு முக்கியம். குழந்தையின் படம், அவள் போட்டுக் கழற்றிய சட்டை, தினமும் அதே இடம், அதே பாட்டு என்று ஏதோ ஒன்றைப் பழக்கப்படுத்திக்கொண்டால், கொஞ்ச நாளில் அதைப் பார்த்ததுமே பால் இறங்க ஆரம்பிக்கும். எவ்வளவு வருகிறது என்று பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்காமல் இருக்க, அதன் மேல் ஒரு குழந்தைச் சாக்ஸை மாட்டிவிடச் சொல்வேன். எளிமையான விஷயம்தான், ஆனால் கேட்டவர்கள் பலருக்கும் உதவியிருக்கிறது.

மேலாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள், திரும்பிய பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 'கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. 'ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு 25 நிமிடம், தாழ்ப்பாள் போடக்கூடிய அறை, ஒரு பிளக் பாயின்ட், உட்கார நாற்காலி, பாலை வைக்க ஃப்ரிட்ஜில் ஓர் இடம், இவ்வளவும் இன்னும் ஆறேழு மாதத்துக்கு' என்று எழுதிக் கொடுங்கள். கழிப்பறையைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். யாருடைய சாப்பாட்டையும் அங்கே தயாரிக்க மாட்டோம். இது சலுகை கேட்பதும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே வேலை நேரத்தில் அரை மணி வீதம் இரண்டு இடைவேளை பால் கொடுப்பதற்கென்று இருந்தது. 2000ஆம் ஆண்டின் 183ஆவது ஒப்பந்தம் அந்த இடைவேளையை வேலை நேரமாகவே கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டும் என்கிறது. ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். அதனால் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, உங்கள் நிறுவன விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பேசுவதற்கு முன்னால் படித்துக்கொண்டு போங்கள்.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். கிளம்புவதற்குச் சற்று முன் பால் கொடுங்கள். வேலையிடத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆக மூன்று தடவை எடுங்கள். வீட்டுக்குள் நுழைந்து கை கழுவியதும் பால் கொடுங்கள். நீங்கள் வரும் நேரத்தில் அவளுக்கு வயிறு முட்டக் கொடுத்துவிட வேண்டாம் என்று பார்த்துக்கொள்கிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒரு வேளை தவறிப்போகும் நாளும் இருக்கும். அன்றைக்கு ஐந்து நிமிடம் கையால் கனம் குறையும் அளவுக்காவது பீய்ச்சிவிடுங்கள். கூட்டத்தின் நடுவே பால் கசிய ஆரம்பித்தால் கையைக் கட்டிக்கொள்வது போல முன்கையால் மார்பை நேராக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மாற்று மேல்சட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

எடுத்த பாலை வைப்பது பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். பாதுகாப்பான கணக்கு இது: 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். மிகச் சுத்தமாக எடுத்தால் இன்னும் சில மணி நேரம் தாங்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் வெயில் காலத்தில் அந்தப் பரிசோதனை வேண்டாம். உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த வெப்பம் புகாத பையில் 24 மணி நேரம் இருக்கும், ஆகவே ஃப்ரிட்ஜ் கிடைக்காவிட்டாலும் பயமில்லை. ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காதீர்கள், உள்ளே பின்னால் வையுங்கள். புதிதாக எடுத்த சூடான பாலை ஆறவைத்துக் குளிர்ந்த பிறகே பழையதோடு சேருங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகியதை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சம் 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள், ஓரிடம் மட்டும் கொதித்து வாயைச் சுட்டுவிடும்; வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். சிலருடைய பால் ஃப்ரிட்ஜில் இருந்த பிறகு சோப்பு வாசனை அடிக்கும். கெட்டுவிடவில்லை, குழந்தை குடித்தால் கொடுக்கலாம். பம்பின் பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழுவாமல் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் பாதுகாப்பானது என்று நிரூபணமாகவில்லை. குழந்தை குறைமாதம் என்றாலோ நோய்வாய்ப்பட்டிருந்தாலோ கண்டிப்பாகக் கூடாது. உங்களுக்கு முடியும் என்றால் இரண்டு செட் பாகங்கள் வாங்கிக்கொள்வது நல்லது.

பாட்டிலை மறுப்பதற்கு வருகிறேன். மூன்று வாரம் போதுமான அவகாசம். நீங்கள் கொடுக்காதீர்கள், உங்கள் வாசனை இருக்கும்போது அவள் ஏன் ரப்பரைச் சப்ப வேண்டும்? வேறொருவர், நீங்கள் வீட்டிலேயே இல்லாத நேரத்தில், நல்ல பசி வருவதற்கு முன்பு, விளையாடும் மனநிலையில் இருக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கட்டும். அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைக் கவிழ்க்காமல் கிடைமட்டமாகப் பிடித்து, உதட்டில் தொட்டுவிட்டு அவளே வாயைத் திறந்து வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். நடுநடுவே நிறுத்த வேண்டும். இப்படி மெதுவாகக் கொடுப்பது அவளுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் நல்லது. பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும், அப்புறம் 'உன் பால் அவளுக்குப் பத்தவில்லை' என்று சொல்வார்கள். பாட்டிலை ஒரேயடியாக மறுத்தாலும் வழி இருக்கிறது. சின்னக் கிண்ணத்தின் விளிம்பை உதட்டில் வைத்தால் மூன்று மாதக் குழந்தை நாக்கால் நக்கிக் குடிக்கும், வாய்க்குள் ஊற்றக் கூடாது. ஸ்பூனாலும் கொடுக்கலாம். பட்டினி போட்டால் வழிக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சில குழந்தைகள் பகலில் 100, 150 மில்லி மட்டும் குடித்துவிட்டு அம்மாவுக்காகக் காத்திருந்து, மாலையிலிருந்து விடியும்வரை விடாமல் குடிப்பார்கள். சிறுநீரும் எடையும் சரியாக இருந்தால் இதில் கெடுதல் இல்லை. 24 மணி நேரக் கணக்கை அவள் தன் வழியில் நேர் செய்துகொள்கிறாள். ஆனால் உங்கள் தூக்கம் போகும். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, வேலைக்குப் போகும் தாயை உடைப்பது பால் இல்லை, தூக்கம்தான். அதனால் பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டில் பிரித்துவிடுங்கள். பம்ப் பாகங்களைக் கழுவிக் காயவைத்து மறுநாளுக்குப் பையில் அடுக்குவது தினமும் முக்கால் மணி நேர வேலை. அதைக் கணவரோ வீட்டில் இருக்கும் வேறொருவரோ முழுசாகத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் செய்வேன் என்பது போதாது. ராத்திரி சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுக்காதீர்கள். அசதியில் குழந்தையோடு அங்கே கண்ணயர்ந்துவிடுவதுதான் மிக ஆபத்தானது.

பால் பெருக்கும் மாத்திரை, பொடி, கஷாயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களிடம் சொல்ல ஆள் வரும். சிலருக்கு உதவியதாகச் சொல்கிறார்கள், ஆய்வுகள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் கேட்டு டொம்பெரிடோன் வாங்கி விழுங்காதீர்கள், இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய மருந்து அது, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். மார்பில் கட்டி விழுந்து சிவந்து வலித்தால் அழுத்தித் தேய்த்து விடச் சொல்லி நானே முன்பு கற்றுக்கொடுத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடுகிறது என்று 2022இல் வந்த வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. குளிர்ந்த ஒத்தடம், வழக்கமான அளவில் பால் கொடுப்பது, தேவையானால் மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை, இவ்வளவுதான். காய்ச்சல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, உடம்பு மோசமானாலோ மருத்துவரிடம் போங்கள்.

யாரும் சொல்லாமல் விட்டுவிடும் ஒன்று. பால் கொடுக்கும்போது கரு தங்காது என்பது ஆறு மாதத்துக்குள், மாதவிலக்கு இன்னும் வராமல், பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், பகலில் 4 மணி நேரம், இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் இருந்தால் 98 சதவீதம் சரி. நீங்கள் தினமும் 10 மணி நேரம் விலகி இருக்கப் போகிறீர்கள். பம்ப் வைப்பது குழந்தை சப்புவதற்கு முழு ஈடாகாது என்பதால் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே மருத்துவரிடம் வேறு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில் 'ராத்திரி எல்லாரும் தூங்கினதும் அழறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. பச்சை உடம்போடு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அழுகை வருவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் ஒட்டாமல் போனால், அது சோர்வு இல்லை, சிகிச்சை உள்ள நோய். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, எந்தப் பேறுகால மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பால் இறங்கும் அந்த ஓரிரு நிமிடம் மட்டும் காரணமே இல்லாமல் மனம் பாதாளத்துக்குப் போய்த் திரும்பினால் அது வேறு, சில பெண்களுக்கு உடம்பின் எதிர்வினையாக வருவது. பெரும்பாலும் மாதங்கள் போகப் போகக் குறையும்.

பவுடர் பால் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ என்கிறது. அதை நான் நம்புகிறேன். ஆனால் பகலில் ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் மீதி வேளைகளின் தாய்ப்பால் வீணாகிவிடாது. பகலுக்குப் பவுடர், காலை மாலை இரவு தாய்ப்பால் என்று ஒரு வருடத்துக்கு மேல் கொண்டுபோன பெண்கள் எனக்குத் தெரியும். அப்படி முடிவு செய்தால் ஒரேயடியாக நிறுத்தாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒரு வேளை என்று குறையுங்கள், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். வேலையை விடுவது பற்றிய முடிவைத் திரும்பிப் போய் ஒரு மாதம் ஆகும்வரை தள்ளி வையுங்கள். முதல் இரண்டு வாரம் எல்லோருக்குமே தாங்க முடியாததாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் திட உணவு ஆரம்பித்ததும் பகல் தேவை மெல்லக் குறையும். 9 மாதத்துக்கு மேல் பலர் ஒரு தடவை மட்டும் எடுக்கிறார்கள், ஒரு வயதுக்கு மேல் வேலையிடத்தில் எடுப்பதையே நிறுத்திவிட்டு வீட்டில் மட்டும் கொடுக்கிறார்கள்.

முடிந்தால் வாரத்தின் நடுவில், புதன் அல்லது வியாழன் அன்று வேலையில் சேருங்கள், முதல் வாரம் சின்னதாகிவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். காலையில் பால் கொடுத்துவிட்டு, பம்பையும் பையையும் எடுத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வெளியே போய்விடுங்கள். இடையில் வீட்டுக்கு வராதீர்கள். உங்களுக்கு எத்தனை மணிக்கு மார்பு கனக்க ஆரம்பித்தது, எவ்வளவு வந்தது, அவள் எதில் எவ்வளவு குடித்தாள், எவ்வளவு மீந்தது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு எத்தனை மணி நேர இடைவெளி தாங்கும் என்பதை அதை வைத்து இன்னும் சரியாகச் சொல்லிவிடலாம்.